வாடகை சர்வரும் சொந்த முகவரியும்

‘சொந்தத் தளம்’ என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் எது சொந்தம்? டொமைன் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிறோம். கட்டத் தவறினால் வேறொருவர் எடுத்துக்கொள்வார். பக்கங்கள் இருக்கும் வட்டு எங்கோ ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை நம்மில் யாரும் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு என் தளத்தைப் பொது ஹோஸ்டிங்கிலிருந்து எடுத்து, நானே நிர்வகிக்கும் வி.பி.எஸ். (மெய்நிகர் தனி சர்வர்) ஒன்றுக்கு மாற்றினேன். அப்போது கையாண்ட ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பிறப்புக் கதை இருப்பது தெரிந்தது. அந்தக் கதைகளை வரிசையாக வைத்தால், மேலே கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருப்பதும் தெரிந்தது.

நான் பாளையங்கோட்டையில் டி.டி.பி. சென்டர் நடத்தியவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கல்லூரி ஆண்டு மலர், இவைதான் பிழைப்பு. பிழைப்புக்கு வெளியே ஓர் ஈடுபாடு உண்டு: தாமிரபரணியின் அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், மடைகள், குளங்கள். நடந்து பார்த்ததையும் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதையும் எழுதிப் படத்தோடு தளத்தில் போட்டுவருகிறேன். படிப்பவர்கள் சொற்பம். ஆனால் இடிந்துபோன ஒரு மடையின் படத்தைத் தேடி வருகிற ஆராய்ச்சி மாணவருக்கு அது வேறெங்கும் கிடைக்காது. அதனால் சர்வர் எத்தனை மாறினாலும் முகவரி மாறக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம்.

மேசை மேல் இருந்த சர்வர்

உலகின் முதல் இணையதளம் அதைச் செய்தவரின் மேசையிலேயே இருந்தது. 1990ஆம் ஆண்டின் கடைசியில், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு நெக்ஸ்ட் கணினியில் அதை ஓடவிட்டார். யாராவது போகிறபோக்கில் சுவிட்சை அணைத்துவிடக் கூடாதே என்று, ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்ற பொருளில் சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியும் வைத்தார். எழுதியவரும் அவரே, சர்வரை நிர்வகித்தவரும் அவரே. தளமும் எந்திரமும் ஒரே கையில் இருந்த காலம் அது.

அதன்பின் தளம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்தவர்கள். நிறுவனத்தின் சர்வரில் அவரவர் பெயரில் ஒரு கோப்புறை கிடைக்கும். முகவரியில் ஒரு நெளிகோடு, அதையடுத்து பயனர் பெயர். வேலையை விட்டால் பக்கமும் போய்விடும். இந்தப் பக்கங்களுக்குக் கோப்புகளை ஏற்ற எஃப்.டி.பி. என்ற முறை பயன்பட்டது. அதன் முதல் வரையறையை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு எம்.ஐ.டி.க்குப் போனவர்.

இந்தியாவில் எர்நெட் வலையமைப்பு 1986இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் அதில் இருந்தன. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்டு 15 அன்று, வி.எஸ்.என்.எல். வழியாக, அதுவும் பெருநகரங்களில். எங்கள் ஊர்க் கல்லூரியின் கணினி அறைக்குள் அப்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். குளிரூட்டிய அந்த அறையின் உட்கோடியில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குள் ‘சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்’ இருப்பார். ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கின் பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நாங்கள் அவரை ‘சார்’ என்று அழைத்தோம். அவரோடு பேசவே ஒரு காரணம் வேண்டியிருந்தது.

தமிழ்ப் பக்கங்களும் நிறுவன வசதி வாய்த்தவர்களின் உழைப்பால்தான் முதலில் எழுந்தன. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995 அக்டோபரில் கவிதைத் தொகுப்புத் தளம் ஒன்றில் தமிழ் எழுத்துகளை ஏற்றிக் காட்டினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். திருநெல்வேலியில் உட்கார்ந்திருந்த எங்களுக்கோ ஒரு பக்கத்தை எங்கே வைப்பது என்பதே முதல் கேள்வி.

இலவசப் பேட்டைகள்

அதற்கு விடை சொன்னது ஜியோசிட்டீஸ். 1994இல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் கலிபோர்னியாவில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் வைக்கலாம். திரைப்படம் என்றால் ஹாலிவுட், கணினி என்றால் சிலிகான் வேலி, கல்வியும் தத்துவமும் என்றால் ஏதென்ஸ் எனப் பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் கதவிலக்கம் கொடுத்தார்கள். தமிழர் பலரின் முதல் முகவரி இந்தப் பேட்டைகளில்தான் இருந்தது. என்னுடையதும் அங்கேதான், கால்வாய்களின் பட்டியல் ஒன்று, ஸ்கேன் செய்த படங்கள் சில.

1999இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை சுமார் 357 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து வாங்கியது. அந்த ஆண்டே ஒரு சர்ச்சை கிளம்பியது. புதிய விதிமுறைகளில், பயனர்கள் ஏற்றிய எழுத்தையும் படத்தையும் யாகூ எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற பொருளில் ஒரு பிரிவு இருந்தது. பயனர்கள் தங்கள் பக்கங்களைச் சாம்பல் நிறமாக மாற்றி எதிர்ப்புக் காட்டினார்கள், யாகூ பின்வாங்கியது. ‘இங்கே எது என்னுடையது’ என்று சாதாரணப் பயனர்கள் கூட்டமாகக் கேட்டது அப்போதுதான்.

முழு விடை பத்து ஆண்டு கழித்து வந்தது. 2009 அக்டோபர் 26 அன்று ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. ஜப்பானியப் பிரிவு மட்டும் 2019 மார்ச் வரை நீடித்தது. ஜேசன் ஸ்காட் முதலானோரின் ‘ஆர்க்கைவ் டீம்’ தன்னார்வலர்கள் மூடுவதற்கு முன் அள்ள முடிந்ததை அள்ளிப் பொதுவில் வைத்தார்கள். அள்ள முடியாதவை போயின.

வளவு வீட்டுக் காலம்

இலவசம் வேண்டாம் என்று நினைத்தவர்களுக்குப் பணம் ஒரு தடையாக இருந்தது. 1995 செப்டம்பரிலிருந்து டாட் காம் பெயர் ஒன்றுக்கு இரண்டு ஆண்டுக்கு 100 டாலர். பதிவு செய்ய இருந்ததும் ஒரே நிறுவனம். 1999இல் போட்டி வந்தபின்தான் விலை இறங்கியது. அப்போதும் டாலரில் கட்டக் கிரெடிட் கார்டு வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளையிடம் சொல்லி டொமைன் வாங்கியவர்கள் எங்கள் வட்டாரத்தில் உண்டு. டாட் இன் பெயர் 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் நானும் என் பெயரில் ஒன்றைப் பதிந்தேன்.

ஹோஸ்டிங் மலிவானதற்கு ஒரு சின்னத் தொழில்நுட்ப மாற்றம் காரணம். தொடக்கத்தில் ஒரு தளத்துக்கு ஓர் ஐ.பி. எண் வேண்டும். பிரவுசர் பக்கத்தைக் கேட்கும்போது ‘எனக்கு இன்ன தளம் வேண்டும்’ என்று பெயரையும் சேர்த்துச் சொல்லும் ஏற்பாடு எச்.டி.டி.பி. 1.1 பதிப்பில் வந்தது. 1997 ஜனவரியில் அது வெளியானது. 1995இல் பிறந்த அப்பாச்சி என்ற இலவச சர்வர் மென்பொருள் இதற்கு முன்பே தயாராகிவிட்டிருந்தது. இனி ஒரே எந்திரம், ஒரே ஐ.பி. எண், அதில் நூற்றுக்கணக்கான தளங்கள். நிக் கோஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர் 1996இல் எழுதத் தொடங்கிய சிபேனல் அதற்குமேல் ஒரு முகப்பைக் கொடுத்தது. கட்டளை எதுவும் தெரியாதவரும் பொத்தானை அழுத்தி மின்னஞ்சல் கணக்கும் டேட்டாபேஸும் உண்டாக்கிக்கொண்டார்.

எங்கள் ஊரில் வளவு என்று ஒன்று உண்டு. ஒரே வாசல், நடுவில் ஒரே கிணறு, இரு புறமும் வரிசை வீடுகள். பொது ஹோஸ்டிங் என்பது அதுதான். வாடகை குறைவு, கிணற்றைத் தூர் வாருவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் நமக்கும் தண்ணீர் இருக்காது. அதே சர்வரில் ஏதோ ஒரு கடையின் தளத்துக்குத் தள்ளுபடி நாள் என்றால் என் மடைகளும் திறக்கத் தாமதமாகும். அதே ஐ.பி. எண்ணிலிருந்து யாரோ குப்பை மின்னஞ்சல் அனுப்பினால் என் தளத்தின் கடிதங்களும் தடுக்கப்படும். நாங்கள் தேர்ந்தெடுக்காத அண்டை வீட்டார். அவர்கள் யாரென்றும் தெரியாது.

சிபேனல் நிறுவனம் 2018இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2019இல் சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தைக் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியது. அந்த ஏற்றம் சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் வழியாக எங்களைப் போன்றவர்களின் புதுப்பிப்புக் கட்டணத்தில் வந்து இறங்கியது. நான் கணக்கு வைத்திருந்த நிறுவனமும் முதல் ஆண்டு மலிவு, புதுப்பிக்கும்போது பல மடங்கு என்ற ரகம்தான். சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஒரு பொங்கலுக்கு வந்தபோது அந்த ரசீதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “இந்த வளவு வீட்டுல இன்னும் எத்தன நாளைக்கு மாமா இருக்கப் போறிய? இதே காசுக்குத் தனி மெஷினே எடுக்கலாம்லா.”

இரண்டு கேம்பிரிட்ஜ்கள்

அவன் சொன்ன ‘தனி மெஷின்’ உண்மையில் தனி எந்திரம் அல்ல. ஒரு பெரிய எந்திரத்தைப் பல எந்திரங்களைப் போல நடிக்க வைத்து, அதில் ஒன்றை நமக்குக் கொடுப்பது. இந்த வித்தை இணையத்தைவிடப் பழையது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம்.முக்கு ஓர் அறிவியல் மையம் இருந்தது. ராபர்ட் கிரீசி தலைமையில் அங்கே உருவான சி.பி.-40 என்ற அமைப்பு 1967 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே சிஸ்டம்/360 கணினியை ஒரே நேரத்தில் 14 மெய்நிகர் எந்திரங்கள் வரை பிரித்துக் கொடுத்தது அது. ஒவ்வொருவருக்கும் முழுக் கணினியும் தன்னுடையது என்ற தோற்றம். 1972 ஆகஸ்டில் ஐ.பி.எம். இதையே வி.எம்./370 என்ற விற்பனைப் பொருளாக அறிவித்தது. கணினி கோடிக்கணக்கில் விலை போன காலத்தில், ஒன்றைப் பலருக்குப் பங்கிடக் கண்ட வழி அது.

1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஒரு கணினியை இப்படிப் பிரிக்க என்ன தகுதி வேண்டும் என்று இலக்கணம் வகுத்தார்கள். பிரச்சினை என்னவென்றால், பின்னால் உலகமெங்கும் பரவிய இன்டெல் ரக சிப்களுக்கு அந்தத் தகுதி இல்லை. பென்டியம் சிப்பில் 17 கட்டளைகள் அந்த இலக்கணத்துக்கு ஒத்துவரவில்லை என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு பட்டியலிட்டது. மலிவான கணினியைப் பிரிக்க முடியாது, பிரிக்க முடிந்த கணினி மலிவில்லை. பல ஆண்டுகள் நிலைமை இதுதான்.

இடைக்காலத்தில் குறுக்கு வழிகள் வந்தன. 2000 மார்ச்சில் வெளியான ஃப்ரீ பி.எஸ்.டி. 4.0 பதிப்பில் ‘ஜெயில்’ என்ற வசதியை பவுல்-ஹென்னிங் காம்ப் எழுதினார். வாடிக்கையாளர்களைத் தனித்தனியே அடைத்துவைக்க ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் கேட்டதால் பிறந்தது அது. ஜெஃப் டைக் எழுதிய ‘யூசர் மோட் லினக்ஸ்’ ஒரு லினக்ஸுக்குள் இன்னொரு லினக்ஸைச் சாதாரண நிரலைப் போல ஓடவைத்தது. 2003இல் கிறிஸ்டோபர் ஏக்கர் அமெரிக்காவின் நியூஜெர்சியில் தொடங்கிய லினோடு நிறுவனம் அதைக்கொண்டுதான் தனிநபர்களுக்கு லினக்ஸ் சர்வர்களை மாத வாடகைக்கு விட்டது.

முடிச்சை அவிழ்த்தது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கே பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில் ஐயன் பிராட், கீர் ஃபிரேசர் உள்ளிட்டோர் 2003இல் ஜென் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். உள்ளே ஓடும் லினக்ஸையே சற்றுத் திருத்தி, தான் பங்கிடப்பட்ட எந்திரத்தில் இருப்பதை அது அறிந்து ஒத்துழைக்கும்படி செய்தார்கள். அந்த ஆய்வின் பெரிய நோக்கம் ‘ஜெனோசர்வர்’. உலகின் பல இடங்களில் சர்வர்களை வைத்து, யாரும் வாடகை கொடுத்துத் தங்கள் நிரலை ஓட்டலாம் என்ற ஏற்பாடு. என் மாத வாடகையின் கரு அந்தக் கூடத்தில் இருக்கிறது.

பிறகு எல்லாம் வேகம். இன்டெல் 2005 கடைசியிலும் ஏ.எம்.டி. 2006இலும் சிப்பிலேயே பிரிக்கும் வசதியைச் சேர்த்தன. 2006 ஆகஸ்டில் அமேசான் மணிக்கு 10 சென்ட் வாடகையில் ஈ.சி.2 சர்வர்களைத் திறந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் இருந்த சிறு குழு ஒன்று, ஜென்னைக் கொண்டு கட்டியது அது. 2007 பிப்ரவரியில் எந்திரத்தைப் பிரிக்கும் மென்பொருளான அவி கிவிட்டியின் கே.வி.எம். லினக்ஸ் கருவிலேயே சேர்ந்தது. 2013 வாக்கில் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் மாதம் 5 டாலருக்கு 512 எம்.பி. நினைவகம் உள்ள சர்வரைக் கொடுத்தது. 2016இல் அதற்குப் பெங்களூரில் மையம் வந்தது. 2022இல் லினோடை 90 கோடி டாலருக்கு வாங்கிய அகமாய் அடுத்த ஆண்டு சென்னையிலும் மையம் திறந்தது. பொது ஹோஸ்டிங்கில் டெக்சாஸில் இருந்த என் தளம் இப்போது சென்னையில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் கேட்டால் பக்கம் விழும் வேகத்தில் அந்தத் தூரம் குறைந்தது தெரிகிறது.

கண்ணாடித் தடுப்புக்குள்

புது சர்வர் என்று கிடைப்பது ஓர் ஐ.பி. எண்ணும் ரூட் அதிகாரமும். வேறொன்றும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு குறி மினுங்கும். அன்று கண்ணாடித் தடுப்புக்குள் ஒருவர் சம்பளத்துக்குச் செய்த வேலை இனி நம்முடையது.

உள்ளே நுழையும் வழி எஸ்.எஸ்.எச். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அங்கிருந்த டாட்டு இலோனென் அதற்கு மாற்றாக எல்லாவற்றையும் மறைகுறியில் அனுப்பும் இந்த முறையை எழுதினார். வாயில் எண் எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட் என்ற பழைய நுழைவு முறைக்கு 23 என்றிருக்க, நடுவே காலியாக இருந்த 22ஆம் எண்ணைக் கேட்டு வாங்கினார். என் மருமகன் முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னது: “பாஸ்வேர்டு லாகினையே மூடிருங்க மாமா. சாவிக் கோப்பு மட்டுந்தான்.” கோப்புகளைப் பழைய சர்வரிலிருந்து இழுக்க ஆர்சிங்க், ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996இல் கொடுத்தது. மாறிய பகுதியை மட்டும் அனுப்புவது அதன் சிறப்பு. படங்கள் முழுவதையும் முதலில் கொண்டுவந்துவிட்டு, மாற்றும் நாளில் மிச்சத்தை மட்டும் இழுத்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தளம் வைத்திருப்பவருக்கு உண்மையான வேலை இதற்குப் பிறகுதான். என் தளத்தில் மூன்று காலத்துத் தமிழ் இருந்தது. ஜியோசிட்டீஸ் காலத்துப் பக்கங்கள் மயிலையில். அடுத்தவை திஸ்கி என்ற குறியேற்றத்தில். இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள் வந்தபின் எழுதியவை யூனிகோடில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்து அரசு தாம், தாப் என்று இரண்டு குறியேற்றங்களை ஏற்றது. நாளிதழ்களும் வார இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துருவோடு இருந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. அரசு அதை ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட ஏராளமான தமிழ், ஆவணக் கிடங்குகளில் பத்திரமாக இருந்தும் திறந்தால் படிக்க முடியாத குறிகளாகத் தெரிகிறது. சர்வர் மூடப்பட்டதால் போனது ஒரு பங்கு என்றால், குறியேற்றத்தால் போனது இன்னொரு பங்கு.

திஸ்கியில் ‘கொ’ என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் சேமிக்கும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு ‘ஒ’கரக் குறி. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது. வரிசையையும் திருப்ப வேண்டும். பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் அந்தக் காலத்திலேயே இதைச் செய்தன. பழைய பக்கங்களை அப்படி மாற்றி, பிறகு வரிவரியாகப் படித்துச் சரிபார்த்தேன். டி.டி.பி.யில் மெய்ப்புப் பார்த்த கண் அதற்குப் பழக்கப்பட்டதுதான்.

யூனிகோட் பகுதியில் வேறு வகைச் சிக்கல். பழைய சர்வரின் மைசீக்வெல் டேட்டாபேஸ் தன்னிடம் இருப்பது லத்தீன் எழுத்து என்று நம்பிக்கொண்டிருந்தது. மைசீக்வெல் சுவீடனில் பிறந்தது. அதன் இயல்பு அமைப்பு சுவீடிஷ் அகரவரிசையில் இருந்தது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூனிகோட் இயல்பானது. யு.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் குறிகள் 5, பைட்டுகள் 15. பதினைந்தையும் பதினைந்து லத்தீன் எழுத்துகள் என்று எண்ணி, ஏற்றுமதியின்போது மறுபடி யு.டி.எஃப்-8 ஆக மாற்றினால் குறைந்தது 30 பைட் ஆகிவிடும். பக்கம் முழுக்க, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் அணிவகுக்கும். தமிழ்த் தளம் மாற்றிய எவரும் இந்த அணிவகுப்பைப் பார்த்திருப்பார்கள். தீர்வு எளிது. லத்தீன் என்றே சொல்லி, மாற்றமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். கோப்பின் தலைப்பில் யு.டி.எஃப்-8 என்று திருத்திப் புதிய டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். யு.டி.எஃப்-8 முறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூஜெர்சியின் ஓர் உணவகத்தில் இரவுச் சாப்பாட்டின்போது வகுத்தார்கள். தமிழ் எந்த சர்வருக்கும் போய்வர முடிவது அவர்களால்.

அதற்கடுத்து முகவரி. பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். முறையை பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். ஒவ்வொரு பதிவையும் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று அதில் ஒரு கணக்கு உண்டு. சர்வரை மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அதை 300 வினாடியாகக் குறைத்துவைத்தால், எண்ணை மாற்றியதும் உலகம் சீக்கிரம் புது இடத்துக்கு வந்துவிடும். கடைசியில் பூட்டுக்குறி. முன்பு பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 2015 டிசம்பரில் பொதுச் சோதனைக்கு வந்த லெட்ஸ் என்க்ரிப்ட் அதை இலவசமாக்கியது. காலாவதியாகும் முன் சான்றிதழ் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

தனிக்குடித்தனத்தின் செலவு

சர்வர் இணையத்தில் ஏறிய சிறிது நேரத்திலேயே யார் யாரோ கதவைத் தட்டத் தொடங்குகிறார்கள். பதிவேட்டைத் திறந்தால் ரூட், அட்மின், டெஸ்ட் என்று வரிசையாகப் பெயர் சொல்லி நுழைய முயன்றவர்கள் தெரிகிறார்கள். யாரும் என்னைத் தேடி வந்தவர்கள் இல்லை. எல்லா எண்களையும் ஒன்றுவிடாமல் முயன்று பார்க்கும் நிரல்கள். சாவிக் கோப்பு இல்லாமல் திறக்காது என்பதால் முயன்றுவிட்டுப் போகின்றன. ஆனால் மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் வேறு வழி கிடைத்துவிடும். முன்பு இதையெல்லாம் ஹோஸ்டிங் நிறுவனம் பார்த்துக்கொண்டது. இப்போது சனிக்கிழமைக் காலை காபிக்குப் பிறகு நான் பார்க்கிறேன்.

மின்னஞ்சலை அந்த சர்வரில் வைக்கவில்லை. குப்பைக் கடிதங்களைத் தடுக்கப் பல வி.பி.எஸ். நிறுவனங்கள் கடிதம் அனுப்பும் 25ஆம் வாயிலை மூடியே வைத்திருக்கின்றன. திறந்து கிடைத்தாலும் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் புதிய ஐ.பி. எண்ணைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்த வேலைக்கென்று இருப்பவர்களிடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பேக்கப் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பதை 2021 மார்ச் 10 உலகுக்குக் காட்டியது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று நள்ளிரவில் எரிந்து சாம்பலானது. 36 லட்சம் தளங்கள் முடங்கின என்று நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டும் போயின. என் தளத்தின் நகல் இரவுதோறும் வேறு ஊர் சர்வர் ஒன்றுக்குப் போகிறது. மாதம் ஒருமுறை வீட்டு வன்தட்டில் இறங்குகிறது.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் விடை இது. சர்வர் எந்தக் காலத்திலும் எங்களைப் போன்றவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ரூட் அதிகாரம் கையில் இருந்தாலும் மாதக் கடைசியில் வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் விரும்பிய நாளில் கிளம்பும் உரிமையைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியும். அதற்கு வேண்டியவை மூன்று: நம் பெயரில் இருக்கும் முகவரி, எந்தக் கணினியும் படிக்கும் யூனிகோட் எழுத்து, நம் கையில் இருக்கும் முழு நகல். ஜியோசிட்டீஸ்காரர்களுக்கு மூன்றும் இல்லை. பொது ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கு மூன்றும் சாத்தியம், பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. வி.பி.எஸ். எல்லோருக்கும் வேண்டியதில்லை. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர் பொது ஹோஸ்டிங்கிலேயே இருப்பது நல்லது.

எங்கள் பக்கத்தில் தளம் வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரிலேயே டொமைன் பதிந்திருக்கும் கடைகள், பள்ளிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவர் ஊரை விட்டுப் போனால் முகவரியும் போய்விடும். இதைப் படிப்பவர்களில் தளம் வைத்திருப்போர் இன்று இரண்டு வேலை செய்யுங்கள். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். தளத்தின் முழு நகலை, டேட்டாபேஸையும் சேர்த்து, உங்கள் வீட்டுக் கணினியில் இறக்கித் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று சரிபாருங்கள்.